கழற்றத் தெரிந்தால் போதுமா?
(ஜி.டி. நாயுடு வாழ்க்கையும் ஒரு ஹெட் கேஸ்கட்டும்)



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி மலர்க்குழு அண்ணன்மார் கேட்ட அன்றைக்கு, என் கையில் பேனா பிடிக்க முடியாத அளவுக்குக் கிரீஸ். வடமதுரையில் எங்க வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், அப்பாவின் சரக்கு வண்டி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தோம். ஹெட் கேஸ்கட் போயிருச்சு. அதுவும் ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை! இந்த நிலைமையில் யாரைப் பற்றி எழுதுவது? அரசியல் தலைவரா, புலவரா? எனக்குத் தோன்றிய ஒரே பெயர், மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கழற்றி மாட்டியே படித்த ஒரு மனிதரின் பெயர்தான். அவர்தான் கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். படிப்பா? மூன்றாம் வகுப்போடு சரி. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடி வந்த பிள்ளை என்று அவரைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

இதைப் படித்ததும் நம்மில் சிலருக்கு ஒரு சந்தோஷம் வரும். ஆகா, படிக்காமலே பெரிய ஆள் ஆகலாம் போலிருக்கே! அவசரப்படாதீங்க நண்பர்களே. பள்ளிக்கூடம்தான் அவருக்குப் பிடிக்கவில்லையே தவிர, கற்பது பிடிக்காமல் போனதில்லை. கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்தார். கண்ணில் பட்ட இயந்திரத்தை எல்லாம் படித்தார். அவர் இயந்திரத்தைப் படித்த விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

அந்தக் காலத்தில் கிராமத்துப் பாதையில் மோட்டார் சைக்கிள் வந்தால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். லங்காஷையர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரியிடம் ரட்ஜ் என்ற ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, மிதிக்கவும் இல்லை; எப்படி ஓடுகிறது? வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாயுடு மட்டும் அந்தக் கேள்வியை விடவில்லை.

வண்டி வாங்கப் பணம் வேண்டுமே? கோயமுத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, சோறு போட்டு, சில நூறு ரூபாய் சேர்த்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார். இன்றைக்கு நாம் என்றால் உடனே ஏறி ஊரைச் சுற்றியிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? வாங்கிய வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். பிரித்ததை மறுபடி சேர்த்தார். அதுதான் அவருடைய முதல் வகுப்பறை. அந்த ஒரு வண்டி கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்துத்தான் மெக்கானிக் ஆனார்.

பிரித்தார் என்பதை எல்லோரும் சொல்லுவார்கள். மறுபடி சேர்த்தார் என்பதைத்தான் வேகமாகக் கடந்து போய்விடுவார்கள். நானும் அப்படிக் கடந்து போனவன்தான். அதனால் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வேப்பமரத்தடியில் நான் பட்ட பாடு

அப்பாவுடையது இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி. காய்கறி மூட்டை ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு ஓட்டுவார். எங்க வீட்டுச் சாப்பாடு, என் காலேஜ் ஃபீஸ், வண்டித் தவணை எல்லாம் அதில்தான் ஓடுது. ஒரு வாரமாக டெம்பரேச்சர் முள் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. வண்டி ஸ்டார்ட்டில் இருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த டீ மாதிரி ஒரு நிறம்.

இந்த அடையாளங்களை நாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோமே! சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த மெல்லிய தகடு மூன்று பேரைப் பிரித்து வைக்கிறது. எரியும் வாயு, ஆயில், தண்ணீர். தகடு ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அந்தக் காலத்தில் பல எஞ்சின்களில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பாக இருந்தன. நடுவில் கேஸ்கட்டே கிடையாது. வால்வைப் பார்ப்பதும் கரி சுரண்டுவதும் அதில் பெரும்பாடு. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி கார், ஹெட்டைத் தனியாகக் கழற்றும்படி வந்தது. சாதாரண விவசாயிகூட வீட்டுக் கொட்டகையில் வைத்து எஞ்சினைத் திறந்து பார்க்க முடிந்தது. அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் கேஸ்கட். எதைத் திறக்க முடியுமோ, அதை ஒழுங்காக மூடவும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் திறக்கத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று அப்பாவிடம் பந்தா பண்ணினேன். சூடு முழுசா ஆறுவதற்குள் ஹெட் போல்ட்டை ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாய் முழுசாகக் கழற்றினேன். கழற்றிய போல்ட்டை எல்லாம் ஒரே சட்டியில் போட்டேன். புதுக் கேஸ்கட்டை வைத்தேன். கைக்குத் தெரிந்த அளவில் இறுக்கினேன். சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆனது. தெருவே பார்த்தது. அம்மா திருஷ்டி சுத்திப் போடாத குறை!

மூன்று நாள் ஓடியது. நாலாவது நாள், திருச்சி ரோட்டில் அய்யலூருக்குப் பக்கத்தில், முழு லோடு தக்காளியோடு ஆவி பறக்க நின்றது. அப்பா வாடகை வண்டி பிடித்து லோடை மாற்றி அனுப்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

நாயுடு கதைக்கு வருவோம். மெக்கானிக் வேலை தெரிந்த அந்த இளைஞருக்குக் கை கொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920-இல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். ஓட்டிய தடம் எது தெரியுமா? பொள்ளாச்சியிலிருந்து நம்ம பழனிக்கு! திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-இல்தான். அப்போது பழனி மதுரை மாவட்டத்தில் இருந்தது. முருகன் சன்னதிக்கு வந்த பக்தர்களை ஏற்றிக்கொண்டு அந்த பஸ்ஸை ஓட்டியவர் முதலாளியான நாயுடுவேதான்.

நினைத்துப் பாருங்கள். வழியில் வண்டி நின்றால் போன் பண்ணி ஆள் கூப்பிட முடியாத காலம். சாலை ஓரத்தில் உதிரிபாகக் கடை கிடையாது. ஓட்டுகிறவருக்கே எஞ்சின் தெரிந்திருந்தால்தான் பயணி ஊர் போய்ச் சேருவார். எஞ்சினைப் பிரித்து மறுபடி ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்தவரை நம்பி ஜனங்கள் ஏறினார்கள். அந்த நம்பிக்கைதான் அவருடைய முதல் முதலீடு.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. யு.எம்.எஸ். என்று கோவை வட்டாரமே அறிந்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. பரிமாறும் வேலை பார்த்த பையன், நாட்டிலேயே திறமையாக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனார்.

மோட்டாரும் ரேசரும்

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயமுத்தூர் பக்கம் வந்தது. மின்சாரம் வந்தது, ஆனால் மோட்டார்? கப்பலில்தான் வர வேண்டும். நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் இருந்த பட்டறையில் 1937-இல் ஒரு மின்சார மோட்டாரைச் செய்து முடித்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. அந்தப் பாதையில்தான் கோயமுத்தூர் மோட்டார், பம்புசெட் ஊர் ஆனது. நம்ம பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் ஊர்ப் பெயரைப் பாருங்கள், எத்தனையில் கோயமுத்தூர் என்று போட்டிருக்கிறது!

அதே பத்தாண்டில் ஐரோப்பாவுக்கும் போய் வந்தார். டார்ச் லைட் செல் மாதிரி உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் வைத்த ரேசரை உருவாக்கினார். ராசண்ட் என்பது அதன் பெயர். மிக மெல்லிய பிளேடு, பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவருடைய பட்டியல் நீளுகிறது. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாமே சாதாரண ஜனங்களின் கையில் புழங்கும் சாமான்கள். இருக்கிற ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, எங்கே வீண் செலவு, எங்கே சுமை என்று கண்டுபிடித்து, அதை எளிதாக்கித் திரும்பச் சேர்ப்பது. மரத்தடி ரட்ஜ் பாடம்தான் இங்கேயும்!

நம்மைப் போன்றவர்களுக்காக ஒரு ராஜினாமா

பாலிடெக்னிக் மாணவர்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. 1945-இல் நாயுடுவின் பொருளுதவியோடு கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பெயர் அது. அந்தக் கல்லூரிதான் பின்னாளில் இடம் மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. கல்லூரி போய்விட்டாலும் அவினாசி சாலையில் அந்த இடத்தை இன்றைக்கும் ஜனங்கள் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

மூன்றாம் வகுப்புப் படித்தவர் பொறியியல் கல்லூரிக்கே முதல்வராக உட்கார்ந்தார்! ஆனால் அவருக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை. நான்கு ஆண்டு படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, பட்டறையில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

யார் சொன்னது சரி? கணக்கும், பொருள்களின் பலமும், வரைபடமும் இரண்டு வருஷத்தில் ஊறிவிடுமா என்று நம்ம ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் சொந்த அனுபவமே அதற்குச் சாட்சி. ஹெட் போல்ட்டை ஏன் நடுவிலிருந்து வெளியே இறுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. நான்தான் படித்துவிட்டு மறந்தேன். கை மட்டும் போதாது. ஆனால் பரீட்சைக்கு எழுதியது கைக்கு இறங்காவிட்டால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நாயுடு கேட்டதும் அதே அளவுக்கு நியாயம். டிப்ளமோ என்பதே இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள படிப்புதானே? டிகிரிக்காரன் முன்னால் கூச்சப்படும் நண்பர்களே, நம்ம படிப்புக்காக இப்படி ஒரு பெரிய மனிதர் சண்டை போட்டிருக்கிறார் என்பதை மறக்காதீங்க.

வெளியே வராத கார்

எல்லாம் ஜெயித்தவர் என்று எழுதிவிட்டால் அது புகழ்மாலை ஆகிவிடும். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய் மட்டும்! ஆனால் உற்பத்திக்கு வேண்டிய லைசென்ஸை அரசு தரவில்லை. கார் தெருவுக்கு வரவில்லை. சாமானிய மக்களுக்கான கார் என்று நாம் பேசியது எல்லாம் அதற்குப் பல வருஷங்களுக்குப் பின்னால்தான்.

எந்த நட்டையும் கழற்றத் தெரிந்தவருக்கு அரசாங்கக் கோப்பைக் கழற்றத் தெரியவில்லை. அல்லது, அதற்குப் பொறுமை இல்லை. அவருடைய பிடிவாதம்தான் அவரை உயர்த்தியது. அதே பிடிவாதம் சில கதவுகளைச் சாத்தவும் செய்தது. அவர் தனி ஆளாக மேலே வந்தார் என்பதும் முழு உண்மை இல்லை. ஆரம்பத்தில் கை கொடுக்க ஒரு ஸ்டேன்ஸ் இருந்தார். மோட்டார் செய்யக் கூடவே ஒரு பாலசுந்தரம் இருந்தார். 1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறந்த 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கலங்கல் கிராமத்துப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாய் பிளந்து பார்த்த பையனின் பெயர்!

இரண்டாம் முறை

வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. திண்டுக்கல்லில் பட்டறை வேலை பார்க்கும் பெரியப்பா மகன் அண்ணன், டார்க் ரெஞ்ச்சும் ஸ்டிரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் எடுத்துக்கொண்டு வந்தார். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகுதான் கை வைக்க விட்டார். பேட்டரி வயரைக் கழற்றினோம். தண்ணீரை வடித்தோம். ஒரு அட்டையில் ஹெட் படம் வரைந்து, ஓட்டை போட்டு, எந்த போல்ட் எந்த இடமோ அங்கேயே செருகினேன். வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம்.

ஹெட் முகத்தில் ஸ்டிரெய்ட் எட்ஜை வைத்து ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினால் நடுவில் சர்ரென்று உள்ளே போகிறது! ஹெட் வளைந்திருக்கிறது. பல எஞ்சின்களில் 0.1 மில்லிமீட்டர் வளைவே அதிகம். சரியான அளவு அந்தந்த வண்டி மேனுவலில் இருக்கும். சூட்டோடு கழற்றியது யார்? அடியேன்தான். வளைந்த முகத்தின் மேல் எத்தனை புதுக் கேஸ்கட் வைத்தாலும் மூன்று நாள்தான். லேத் பட்டறையில் கொடுத்து முகம் மட்டப்படுத்தினோம். டீசல் எஞ்சினில் கேஸ்கட் தடிமன்கூட முக்கியம். பல வண்டிகளில் தடிமனுக்கு ஏற்றபடி ஓரத்தில் வெட்டுக் குறியோ ஓட்டையோ இருக்கும். பார்த்து வாங்கினோம். போல்ட் குழிகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் காற்றடித்து எடுத்தோம். விட்டால் இறுக்கும்போது அந்தத் திரவம் அமுங்காமல் பிளாக்கையே விரிசல் விடவைக்கும். புது போல்ட் போட்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக, மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். பால் கலந்த ஆயிலை வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம்.

மூன்று நாள் ஆச்சு. முதல் தடவை ஒரே நாளில் முடித்தவன் நான்! ஆனால் அன்றைக்கு நான் செய்தது கழற்றல் மட்டும்தான். வேலை இந்த மூன்று நாளில்தான் நடந்தது. மறுநாள் விடியற்காலையில் அப்பா லோடு ஏற்றினார். வண்டி கிளம்பும்போது ஒரு நிமிஷம் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், போய்விட்டார். முள் அதற்குப் பிறகு பாதியைத் தாண்டவில்லை.

நண்பர்களே! ஜி.டி. நாயுடுவைப் போல மூன்றாம் வகுப்போடு நிற்க நம்மால் முடியாது, வேண்டியதும் இல்லை. ரட்ஜ் வண்டியும் நமக்குக் கிடைக்காது. ஆனால் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒரு பழைய எஞ்சின், ஒரு நின்றுபோன மோட்டார், ஒரு பாடாத ரேடியோ இருக்கும். அதைத் திறங்கள், தைரியமாகத் திறங்கள். திறக்கும்போதே எப்படி மூடுவது என்று அட்டையில் ஓட்டை போட்டு வையுங்கள். கழற்றினால் வேடிக்கை பார்க்க ஊர் கூடும். ஒழுங்காக மாட்டினால்தான் லோடு ஊர் போய்ச் சேரும்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வடமதுரை